‘இலேசான’ தலைக்காயமும் தொலைந்துபோன பயனிலைகளும்

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பட்டீஸ்வரம் துர்க்கையம்மன் கோயிலில் வழிபட்டுவிட்டுக் கும்பகோணம் திரும்பிக்கொண்டிருந்தபோது, என் கணவர் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்திருந்த நான், வெள்ளைக்கோடு அழிந்துபோயிருந்த ஒரு வேகத்தடையில் வண்டி துள்ளியதும் பின்புறமாகச் சாலையில் விழுந்தேன். அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். நான் அணியவில்லை, கூந்தலில் வைத்திருந்த பூ நசுங்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. விழுந்த கணம் என் நினைவில் இல்லை. கோயில் வாசலில் செருப்பைத் தேடியது வரை நினைவிருக்கிறது. அதன்பின் மருத்துவமனையின் கூரையில் சுழன்ற ஒரு மின்விசிறி நினைவிருக்கிறது. இடையிலிருந்த ஏறத்தாழ 50 நிமிடங்களைக் கணவர் சொல்லித்தான் அறிந்தேன். ஓரிரு நிமிடங்களில் நான் கண் விழித்துவிட்டதாகவும், 108 ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை “பால்காரருக்குப் பணம் கொடுத்தாச்சா?” என்ற ஒரே கேள்வியை, ஒவ்வொரு முறையும் அவர் “கொடுத்தாச்சு” என்று பதில் சொல்லியும், மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே வந்ததாகவும் சொன்னார்.

நான் 19 ஆண்டுகளாகத் தமிழாசிரியை. மாணவர்கள் என்னைத் ‘தமிழம்மா’ என்று அழைப்பார்கள். சொல்லும் பொருளுமே என் தொழில் என்பதால், அடுத்த சில மாதங்களில் என் மொழிக்கும் சிந்தனைக்கும் நேர்ந்தவற்றை மற்றவர்களைவிடச் சற்றுக் கூர்ந்து கவனிக்க முடிந்தது என்று நினைக்கிறேன். ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்ற ஒரே வாக்கியத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, தனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கோ அவருடைய வீட்டாருக்கோ பயன்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருத்துவமனையில் செய்ய வேண்டியவற்றை விரைவாகச் செய்தார்கள். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் பணம் கேட்கவில்லை. சாலையில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது செலவை எண்ணித் தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை. ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்து மறுநாள் மாலை அனுப்பினார்கள். கையில் தந்த தாளில் ‘இலேசான தலைக்காயம்’ என்று எழுதியிருந்தது. ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு என்னவெல்லாம் நேரலாம் என்று எவரும் சொல்லவில்லை.

அந்த ‘இலேசான’ என்ற அடைமொழி எதைக் குறிக்கிறது என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். 1974இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு நரம்பு அறுவை மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண்கள். 13 முதல் 15 வரை பெற்றால் இலேசானது. 9 முதல் 12 வரை நடுத்தரம். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையானது. நான் 14 பெற்றிருந்தேன். கண்ணைத் திறந்தேன், சொன்னபடி கையைத் தூக்கினேன், ஆனால் பேச்சு குழம்பியிருந்தது; பால்காரருக்காக ஒரு மதிப்பெண் போயிற்று. அதோடு, மயங்கிக் கிடந்தது 30 நிமிடங்களுக்கு மேற்படாமலும், அதன் பிந்தைய நினைவுக் குழப்பம் ஒரு நாளைத் தாண்டாமலும் இருந்தால்தான் அது இலேசான வகையில் அடங்கும். ஆக, அந்த அடைமொழி முதல் நாளில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அளக்கப் பயன்படுவது. இருபதாம் நாளில் வகுப்பறையில் நின்று பேச முடியுமா என்பதை அது அளப்பதில்லை. இந்த வேறுபாட்டை எவரேனும் அன்றே விளக்கியிருந்தால், நான் பல வாரங்கள் என்னையே நொந்துகொண்டிருக்க மாட்டேன்.

முதல் மூன்று நாட்கள் தலைவலியும் தூக்கமுமாகக் கழிந்தன. தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்ற நம்பிக்கை எங்கள் வீட்டிலும் உண்டு. அத்தை என் கட்டிலருகே உட்கார்ந்து, கண் அசந்தால் எழுப்பிக்கொண்டே இருந்தார். அன்பினால் செய்ததுதான். ஆனால் மருத்துவர் பரிசோதித்து, ஆபத்தில்லை என்று அனுப்பிய பிறகு தூக்கம்தான் மூளைக்கு மருந்து என்பதைப் பின்னர் அறிந்தோம். எழுப்பினால் எழுகிறாரா, பேசினால் பொருத்தமாகப் பதில் சொல்கிறாரா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

நான்காம் நாள் காலை அடுக்களையில்தான் முதன்முதலாக ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பாத்திரத்தை இறக்க வேண்டும். மகளிடம் “அந்த...” என்று தொடங்கினேன். அந்தப் பொருள் என் கண்முன் தெரிகிறது. அதன் இரண்டு கைகளும், அவை சேருமிடத்திலிருக்கும் ஆணியும், அது மாட்டியிருக்கும் சுவரும் தெரிகின்றன. பெயர் மட்டும் வரவில்லை. “பூட்டு... இல்ல, கத்தி... சூட்டைப் பிடிக்கிறது” என்றேன். அவள் இடுக்கியை எடுத்துக் கொடுத்தாள். ‘இடுக்கி’ என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தபோது, அது நான் அறிந்த சொல்லாகவே இருந்தது. புதிதாகவும் இல்லை, மறந்துபோனதாகவும் இல்லை. சொல் தன் இடத்தில்தான் இருந்திருக்கிறது; அங்கே போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருந்தது. தொண்டை வரை வந்து நிற்பது எல்லோருக்கும் எப்போதாவது நேர்வதுதான். எனக்கு அது ஒரு நாளில் முப்பது நாற்பது முறை நேர்ந்தது, அதுவும் அன்றாடம் புழங்கும் சொற்களில். கறிவேப்பிலை கேட்க நினைத்துக் கொத்தமல்லி என்பேன். சாவி என்பதற்குப் பூட்டு என்பேன். தவறான சொல் எப்போதும் சரியான சொல்லின் பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது.

அதே நாட்களில் சிறுவயதில் மனப்பாடம் செய்த பாடல்கள் ஒரு சீர்கூடப் பிசகாமல் வந்தன. பதினாறாம் வாய்பாட்டைத் தடையின்றிச் சொன்னேன். ஆனால் சாம்பாரில் உப்புப் போட்டேனா என்பது அடுத்த நிமிடமே தெரியவில்லை. ‘இவ்வளவும் நினைவிருக்கிறதே, பிறகென்ன குறை’ என்று வீட்டிலிருப்பவர்கள் எண்ணியது இதனால்தான். பல்லாண்டுகளாகப் பழகித் தானாக ஓடுகிறவை பாதிப்பிலிருந்து தப்பிவிடும். அந்தந்த நேரத்தில் கவனத்தைச் செலுத்திச் செய்ய வேண்டியவைதான் தடுமாறும். தலையில் அடிபட்டவரின் நிலையை இந்த இரண்டாவது வகையைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும்.

ஒன்பதாம் நாளே பள்ளிக்குப் போய்விட்டேன். அதுவே நான் செய்த பெரிய தவறு. பத்தாம் வகுப்பில் 42 பிள்ளைகள், நான்கு மின்விசிறிகள், சன்னலுக்கு வெளியே உடற்கல்வி வகுப்பின் விசில். முன்பெல்லாம் காதில் விழாத இந்த ஒலிகள் அனைத்தும் இப்போது ஒரே அளவில், ஒன்றையொன்று முந்திக்கொண்டு, உள்ளே வந்தன. கரும்பலகையில் ‘வினைத்தொகை’ என்று எழுதித் திரும்பினேன். எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டும். 19 ஆண்டுகளாக ஆண்டுதோறும் நான் சொல்லிவரும் எடுத்துக்காட்டு. வாய் திறந்தேன், எதுவும் வரவில்லை. சில நொடிகள்தான் கடந்திருக்கும், ஆனால் வகுப்பு அமைதியானது எனக்குத் தெரிந்தது. முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் மெல்ல, “ஊறுகாய், டீச்சர்” என்றாள். “ஆமாம்” என்றேன். அந்தப் பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அறைக்குச் சென்று, தலையை மேசையில் சாய்த்து, அடுத்த மணி அடித்தும் எழ முடியாமல் கிடந்தேன்.

சொல் தடுமாற்றத்தைவிட என்னை அதிகம் கலங்க வைத்தது வாக்கியம். அன்று மாலை ஒரு சுற்றறிக்கை வந்தது. நம் அலுவலகத் தமிழின் வழக்கப்படி, ‘மேற்காண் பொருள் தொடர்பாக’ என்று தொடங்கி, எந்தெந்தப் பள்ளிகளில், எந்தெந்தத் தகுதியுடன், எந்தத் தேதிக்கு முன் பணியேற்ற ஆசிரியர்கள், எந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து, யார் வழியாக, எந்த நாளுக்குள் என்று ஏழு வரிகள் ஓடி, ‘சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று முடிந்தது. அந்த முடிவுக்கு வந்து சேர்ந்தபோது, யார் எதைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது என்னிடம் இல்லை. மறுபடி முதலிலிருந்து படித்தேன். நான்காம் வரியில் இருக்கும்போது முதல் வரி கரைந்தது. தமிழ் வாக்கியத்தில் பயனிலை கடைசியில் வருகிறது. எழுவாயையும், அதன்பின் அடுக்கடுக்காக வரும் எச்சங்களையும், ஒவ்வொன்றாக வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே போய், இறுதியில் வரும் வினைமுற்றோடு அனைத்தையும் முடிச்சுப் போட வேண்டும். நலமாக இருக்கும் மூளை இதை நாள்தோறும் பல்லாயிரம் முறை செய்கிறது. செய்வதாக உணர்வதுகூட இல்லை. என் கையில் இரண்டு மூன்றுக்கு மேல் நிற்கவில்லை. செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்ளும் முறைகளான எண்வகைப் பொருள்கோளையும் பிள்ளைகளுக்கு நடத்தியவள் நான். சிதறிக் கிடக்கும் சொற்களை எடுத்துக் கூட்டிப் பொருள்கொள்ளும் கொண்டுகூட்டு இருக்கட்டும், நேராக ஓடும் ஆற்றுநீர்ப் பொருள்கோள்கூட அப்போது எனக்குக் கடினமாயிற்று.

பேசும்போதும் இதுவே நடந்தது. “நேத்து அந்தப் பையனோட அப்பா வந்து, டி.சி. வேணும்னு கேட்டு, எச்.எம். இல்லைன்னதும்...” என்று போய், அங்கேயே நின்றுவிடுவேன். அவர் கோபித்தாரா, திரும்பிப் போனாரா, நாளை வருகிறேன் என்றாரா? வினை வராது. கேட்பவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பின் அழுத்தத்தில், வரவிருந்ததும் வராமல் போகும்.

வெளிக்காயம் இல்லாத நோய்க்கு ஒரு தனித் துன்பம் உண்டு. “பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்” என்று அக்கறையோடுதான் சொன்னார்கள். கையில் மாவுக்கட்டு இருந்திருந்தால் எவரும் என்னிடம் விடைத்தாள் கட்டைக் கொடுத்திருக்க மாட்டார்கள். நானோ, எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று உள்ளூர முடிவு செய்து, அதை மறைப்பதற்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். இரவில் தூக்கம் போயிற்று. தூங்காத மறுநாள் சொற்கள் இன்னும் அதிகமாகத் தடுமாறின. தடுமாறியதால் பயம் கூடியது. பயத்தால் மறுபடி தூக்கம் போயிற்று. சின்னச் சின்னவற்றுக்கெல்லாம் மகளிடம் எரிந்து விழுந்தேன். அந்த எரிச்சலும் காயத்தின் பகுதியே என்று தெரியாததால், குணமே மாறிவிட்டதாக வீட்டில் நினைத்தார்கள்.

ஆறாவது வாரத்தில் கணவர் வற்புறுத்தி ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்; அவர் நரம்பு உளவியல் பரிசோதனைக்கும், பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமும் அனுப்பினார். பரிசோதனை அறை அமைதியாக இருந்தது. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லக் கேட்டார்கள். ஆறு எண்கள் வரை சொன்னேன். தலைகீழாகச் சொல்லக் கேட்டபோது மூன்றைத் தாண்டவில்லை. ‘க’ வரிசையில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொன்னார்கள். கடல், கண், கதவு என்று வேகமாகத் தொடங்கியவள், ஏழாவது சொல்லோடு நின்றேன். எட்டாவதாக மறுபடி ‘கண்’ என்றேன், ஏற்கெனவே சொன்னது நினைவின்றி. பிறகு தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி வரை வந்தேன். அடுத்தது வரவில்லை. மனத்துக்குள் சித்திரையிலிருந்து முன்னோக்கி ஓடி, புரட்டாசியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தேன் என்பதே மறந்திருந்தது. கண்ணில் நீர் வந்தது. எதிரில் இருந்த பெண், “அம்மா, இது தேர்வு இல்ல, எங்க அடைபட்டிருக்குன்னு பார்க்கிறோம், அவ்வளவுதான்” என்றார். ஆறு வாரங்களில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அந்தச் சொல்.

பேச்சுச் சிகிச்சையாளர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். மூளைக்காயத்தால் பேச்சு போகும் என்றால், 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் கண்ட, ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறொன்றும் சொல்ல இயலாத நோயாளியைப் போன்ற ஒருவரைத்தான் மருத்துவர்களே முதலில் நினைப்பார்கள். அங்கே மூளையின் மொழிப்பகுதியே சிதைந்திருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு நேர்வது அதுவன்று. மொழி கெடவில்லை, மொழியைத் தாங்கி நிற்கும் கவனம், வேகம், செயல் நினைவு ஆகியவை தளர்ந்துவிடுகின்றன. செயல் நினைவு என்பது, ஒரு வேலை முடியும்வரை அதற்கு வேண்டியவற்றை மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் திறன். ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் அதன் அமைப்பை விளக்கியதும் அதே 1974இல்தான். ஒருவர் சொன்ன தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோமே, அந்தத் திறன் அது. நீண்ட வாக்கியத்தின் எழுவாயை வினைமுற்று வரும்வரை காத்து வைத்திருப்பதும் இதுவே. என் பயனிலைகள் எங்கே தொலைந்தன என்பது அன்று விளங்கிற்று.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்றும் கேட்டேன். சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நுண்ணிய நரம்பிழைகளுக்கு நேர்ந்ததைக் காட்டாது. தலை சட்டென்று நிற்கும்போது, உள்ளே இருக்கும் மென்மையான மூளை நிற்காமல் நகர்கிறது, திருகுகிறது. அந்தத் திருகலில் மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தச் சமநிலையை மீட்கச் செல்களுக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படும் அதே வேளையில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. எங்கள் ஊரில் கோடையில் மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் ஓடும், உறுமும், தண்ணீர் மட்டும் மேலேறாது. கம்பியும் அறுந்திருக்காது, மோட்டாரும் கெட்டிருக்காது. மருத்துவர் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அல்லது மூன்று மாதங்களுக்குள் இது சரியாகிவிடும் என்றும், சிறு பகுதியினருக்கு மட்டுமே நீடிக்கும் என்றும், அப்படி நீடிக்கும்போது தூக்கமின்மை, கவலை, கழுத்துவலி, பார்வைச் சிக்கல் ஆகியவையும் அதில் கலந்திருக்கும் என்றும், அவற்றைத் தனித்தனியே கவனித்தால் மொழியும் சேர்ந்தே தேறும் என்றும் சொன்னார். எனக்குக் கழுத்துக்கு இயன்முறைப் பயிற்சியும், தூக்கத்துக்கு ஒழுங்கும் தேவைப்பட்டன.

ஓய்வைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணமும் தவறு. முதல் ஓரிரு நாட்கள் மட்டும் நன்றாக ஓய்ந்திருந்து, பிறகு அறிகுறிகள் பெரிதாகக் கூடாத அளவுக்குச் சிறிது சிறிதாக வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் உதவாது. என்னைப் போல் ஒன்பதாம் நாள் முழு வேலைக்குப் போவதும் உதவாது. தினமும் காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி 20 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மூச்சு லேசாக வாங்குமளவு நடப்பதே மூளை தேறுவதற்குத் துணை செய்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட இந்த நடை எனக்கு முதலில் பலன் தந்தது.

படிப்பதற்குச் சிகிச்சையாளர் தந்த உபாயம் மிக எளியது. ஒரு தபால் அட்டையின் நடுவே ஒரு வரி மட்டும் தெரியுமளவு நீளமாக வெட்டி, அதைப் பக்கத்தின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பது. மேலும் கீழும் உள்ள வரிகள் கண்ணை இழுக்காததால், சேமித்த கவனமெல்லாம் பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது. நீண்ட வாக்கியங்களில் முதலில் முற்றுப்புள்ளியைத் தேடி, அதற்கு முன்னிருக்கும் வினைமுற்றை அடிக்கோடிட்டுவிடுவேன். பிறகு ‘யார்?’ என்று கேட்டு எழுவாயை அடிக்கோடிடுவேன். இந்த இரண்டு தூண்களும் நின்றுவிட்டால், இடையிலுள்ள எச்சங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குத் தொடரிலக்கணம் நடத்தும்போது செய்வதைத்தான் எனக்கே செய்துகொண்டேன். மீண்டும் சுற்றறிக்கையைப் படித்தபோது, 12 நிமிடங்கள் ஆனாலும், என்ன கேட்கிறார்கள் என்று விளங்கிற்று.

பேச்சில் இதைத் திருப்பிப் போட்டேன். நம் பேச்சுத் தமிழ் வினையை முன்னால் வைக்க இடம் தருகிறது. “போயிட்டார் அந்தப் பையனோட அப்பா, கோபமா, டி.சி. கிடைக்கலைன்னு” என்று சொன்னால் எவருக்கும் விந்தையாகத் தோன்றாது. பயனிலையை முதலில் இறக்கி வைத்துவிட்டால், மற்றவற்றை ஏந்தி நிற்கும் பாரம் குறைகிறது. சொல் வராதபோது அதைத் துரத்தக்கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். அது எதற்குப் பயன்படும், எங்கே இருக்கும், என்ன எழுத்தில் தொடங்கும் என்று சுற்றிவளைத்துச் சொன்னால், பல நேரம் அந்தச் சுற்றுவழியிலேயே சொல் எதிர்ப்பட்டுவிடும். எதிர்ப்படாவிட்டாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லுக்குத் தடுமாறும்போது உடனே எடுத்துக் கொடுப்பது அன்பாகத் தோன்றும். ஆனால் பத்து முறை எடுத்துக் கொடுத்தால், பதினோராவது முறை அவர் தேடுவதையே விட்டுவிடுவார். எடுத்துக் கொடுக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அது வதைதான். எட்டாம் வகுப்பில் படித்த என் மகள், எவரும் சொல்லித்தராமலேயே, “அம்மா, நான் சொல்லட்டுமா, காத்திருக்கட்டுமா?” என்று கேட்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வி எங்கள் வீட்டையே மாற்றிற்று. கணவரும் அத்தையும் அதையே பின்பற்றினார்கள். தொலைக்காட்சி ஓடும்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை என்றும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவது என்றும், என்னை ஒரு வேலைக்கு அனுப்பினால் ஒன்றை மட்டும் சொல்வது என்றும் வழக்கங்கள் அமைந்தன. தொலைபேசியில் பேசுமுன் மூன்று வரிகளில் பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொள்வேன். வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் அழைத்தால், தமிழில் பேசுமாறும் மெதுவாகப் பேசுமாறும் கேட்பேன். இரண்டாம் மொழி விரைவில் களைப்பைத் தந்தது.

நினைவுக்குத் துணையாக ஒரே ஒரு குறிப்பேடு. ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது முக்கியம். முதலில் நான் காலண்டரிலும், செல்பேசியிலும், கிடைத்த துண்டுத் தாளிலும் எழுதினேன்; எங்கே எழுதினோம் என்று தேடுவதே தனி வேலையாயிற்று. ஒரு சிறு பேரேட்டின் இடப்பக்கத்தில் செய்ய வேண்டியவற்றையும், வலப்பக்கத்தில் எந்த நேரத்தில் தலைவலியும் தடுமாற்றமும் கூடின என்பதையும் எழுதிவந்தேன். இரண்டு வாரங்களில் வலப்பக்கம் ஒன்றைக் காட்டிற்று. 25 நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து படித்தாலோ திருத்தினாலோதான் வீழ்ச்சி வருகிறது. அதுவரை நன்றாகவே இருக்கிறேன். ஆகவே 20 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு, களைப்பு வருமுன்பே எழுந்துவிட்டேன். களைத்த பின் ஓய்ந்தால் அந்த நாளே போய்விடும். களைக்குமுன் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருந்தால் அடுத்த 20 நிமிடமும் கிடைக்கும். விடைத்தாள்களைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துத் திருத்தியதும் இப்படித்தான்.

பள்ளியில் உண்மையைச் சொன்னதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ‘ஓய்வு தேவை’ என்று பொதுவாக எழுதிய மருத்துவச் சான்றால் பயனில்லை. என் மருத்துவரிடம் கேட்டு, நான்கு வாரங்களுக்கு முற்பகலில் மட்டும் இரண்டு பாடவேளைகள், இடையில் ஒரு வேளை ஓய்வு, இடவேளை மேற்பார்வைப் பணி இல்லை, அதன்பின் வாரத்துக்கு ஒரு பாடவேளை கூடுதல் என்று தெளிவாக எழுதி வாங்கினேன். தலைமையாசிரியை அதைப் பார்த்ததும், “இப்படித் தெளிவா இருந்தா நானும் ஏற்பாடு பண்ண முடியும்மா” என்றார். வகுப்பிலும் சொன்னேன்: தலையில் அடிபட்டிருக்கிறது, சில சொற்கள் தாமதமாக வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று. பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மறைக்க வேண்டியதில்லை என்றானதும், மறைப்பதற்குச் செலவான கவனமெல்லாம் சொற்களைத் தேடக் கிடைத்தது. அந்த வாரத்திலிருந்துதான் தேறத் தொடங்கினேன் என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

அவசரமாகத் திரும்ப மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு. அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. நேரம் ஆக ஆக வலுக்கும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், கூடிக்கொண்டே போகும் குழப்பம், நாக்குழறல், ஒரு கையோ காலோ பலமிழத்தல், கண்பாவைகள் இரண்டும் வெவ்வேறு அளவில் இருத்தல், மூக்கு அல்லது காதிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும் முதியவர்களும் சிறிய அடி என்றாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அவர்களுக்கு மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம்.

மார்கழி பிறந்தபோது முழு வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஆறு பாடவேளைகளும் நடத்த முடிந்தது. இன்றும் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் ஒன்றாக ஒலிக்கும்போது, பக்கத்திலிருப்பவர் பேசுவது சொற்களாக வராமல் வெறும் ஓசையாக வருகிறது. வாசலோரம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். இரவு சரியாகத் தூங்காத நாளில் பெயர்கள் தாமதிக்கின்றன. ஸ்கூட்டரில் பின்னால் அமரும்போது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் அணிந்து, இரண்டு பக்கமும் கால் போட்டு அமர்கிறேன்.

சென்ற ஆண்டு பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் கபடியில் தலை மோதி விழுந்து, நான்காம் நாள் பள்ளிக்கு வந்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அவன் அம்மா மகிழ்ச்சியோடு சொன்னார். வகுப்பில் அவனைப் படிக்கச் சொன்னபோது, வரியின் நடுவே நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். மாலையில் அவன் அம்மாவை வரச்சொல்லி, மருத்துவர் அனுமதிக்கும்வரை ஆடுகளத்தில் இறங்கக்கூடாது என்றும், முதல் அடி ஆறுமுன் இரண்டாம் அடி விழுந்தால் அது பெரும் ஆபத்து என்றும் சொன்னேன். வகுப்பாசிரியரிடம் பேசி இரண்டு வாரங்களுக்குத் தேர்விலிருந்து விலக்குப் பெற்றோம். பிறகு என் பையிலிருந்த தபால் அட்டையை எடுத்து, பாடநூலின் முதல் வரியின்மேல் வைத்து, எப்படி நகர்த்துவது என்று அவனுக்குக் காட்டினேன்.